அப்பத்தா காட்டுக் கிடா

என் மாமனாரின் நிலத்தில், ஆகஸ்டு பிறந்துவிட்டால் யாரும் கால் வைக்கக் கூடாத மூலை ஒன்று உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில், வெர்னன் கவுண்டியில், கூன் வேலி என்ற சிற்றூருக்குச் சில மைல் தள்ளி இருக்கிறது அந்த நிலம். அங்கே நிலத்தை நாற்பது நாற்பது ஏக்கராகத்தான் எண்ணுவார்கள். எங்களுடையது நான்கு நாற்பது. மேட்டில் மக்காச்சோளமும் குதிரைமசாலும் பட்டை பட்டையாக மாறி மாறி ஓடும். சரிவெல்லாம் ஓக், ஹிக்கரி மரங்கள். அடிவாரத்தில் ஓடை. வடமேற்கு மூலையில், முகட்டை ஒட்டி, முள்ளும் புதரும் மண்டிய காடு. என் கணவரின் பாட்டி ஒரு காலத்தில் அங்கே பிளாக்பெர்ரி பறிப்பாராம். அதனால் வீட்டில் அந்தக் காட்டுக்குப் பாட்டியின் பேர். நான் என் வாய்க்கு வந்தபடி அப்பத்தா காடு என்பேன்.

பனியுகத்தின் பனிப்பாறைகள் இந்தப் பகுதியை மழிக்காமல் விட்டுப் போயின. சுற்றிலும் நிலம் தட்டையாகக் கிடக்க, இங்கே மட்டும் குன்றும் பள்ளமுமாக மடிந்து கிடக்கிறது. நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள் சரிவு முழுவதையும் உழுது, மாடு மேயவிட்டு, மண்ணை ஓடைக்குத் தாரை வார்த்தார்கள். 1933-இல் நாட்டின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதி மண்காப்புத் திட்டத்தைக் கூன் வேலியில்தான் தொடங்கினார்கள். சரிவின் போக்குக்குக் குறுக்கே பட்டைப் பயிர், செங்குத்தான இடங்களில் வேலி போட்டு மாட்டை விலக்குவது என்று. அந்தத் திட்டத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஆல்டோ லியோபோல்டும் ஒருவர். அவரே வில் செய்து வேட்டையாடியவர். மாடு விலகிய சரிவில் மரம் வந்தது, மரத்தோடு மானும் வந்தது. எங்கள் அப்பத்தா காடு அப்படி விலக்கப்பட்ட இடம்தான்.

தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். மான் வேட்டை என்றால் எனக்குத் தெரிந்தது 1972-ஆம் வருடச் சட்டமும் ஜாமீன் கிடைக்காத வழக்கும்தான். இங்கே நாத்தனார் முதற்கொண்டு வில்லோடு காட்டுக்குப் போவதைப் பார்த்து முதல் வருடம் வாயடைத்துப் போனேன். மானும் நிலத்துக்காரருடையது அல்ல. எந்தப் பட்டாவில் மேய்ந்தாலும் அது மாநில மக்களின் பொதுச் சொத்து. உரிமச்சீட்டு இல்லாமல் சொந்தக் கொல்லையில்கூடத் தொட முடியாது. உரிமச்சீட்டு வேண்டுமென்றால், 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறியிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே சின்ன நாற்காலியில் உட்கார்ந்து படித்துத்தான் நான் சான்றிதழ் வாங்கினேன். பக்கத்திலிருந்த பையன் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினான்.

துப்பாக்கிப் பருவம் நவம்பர் கடைசியில் ஒன்பது நாள். காடே ஆரஞ்சு நிறச் சட்டையாகிவிடும். வில்லுக்கோ செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை நேரம் உண்டு. வில்லுக்கென்று தனிப் பருவம் ஒதுக்கியதில் விஸ்கான்சின்தான் முன்னோடி. 1934-இல் கொலம்பியா, சாக் என்ற இரண்டு கவுண்டிகளில் ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் வைத்திருப்பது கப்பி வைத்த காம்பவுண்ட் வில். மிசௌரிக்காரர் ஹாலிஸ் ஆலன் 1960-களில் கண்டுபிடித்தது. நாணை முழுக்க இழுத்தபின் கப்பிகள் பாரத்தின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் என்னைப்போல் ஒல்லிக்கையாலும் மான் நிற்கும்வரை இழுத்துப் பிடித்திருக்க முடிகிறது. ஆனால் என்ன வில்லாக இருந்தாலும் மான் இருபது கஜத்துக்குள் வந்தாக வேண்டும். இருபது கஜத்தில் அது மூச்சு விடுவது கேட்கும். நாம் விடுவதும் அதற்குக் கேட்கும்.

வெண்வால் மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் சரியாகத் தெரியாது. காது கூர்மை. மூக்குதான் எமன். மாமனார் மேல்சட்டைப் பையில் எப்போதும் காய்ந்த காய் ஒன்று இருக்கும். அதைப் பிளந்து ஒரு விதையைப் பஞ்சோடு எடுத்து விரல் நுனியிலிருந்து ஊதுவார். முதல் தடவை பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் ஊர் எருக்கஞ்செடியின் வகையறா. உடைத்தால் பால் வடியும், காய்க்குள் பட்டுப் பஞ்சு. "மாமா, எங்க ஊர்ல இதைப் பிள்ளையாருக்கு மாலை கட்டிப் போடுவோம்" என்றேன். "இங்கே இதை வைத்துத்தான் நாங்கள் காற்றைக் கும்பிடுகிறோம்" என்றார்.

அந்தப் பஞ்சு எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்த வகுப்பும் கற்றுக்கொடுக்கவில்லை. மலைநாட்டில் காற்று என்பது வானிலை அறிக்கை சொல்கிற திசை மட்டும் அல்ல. வெயில் ஏற ஏறச் சரிவின் காற்று சூடாகி மேலே போகும். சரிவில் நிழல் விழுந்ததும் குளிர்ந்து கீழே வழியும், தண்ணீர் மாதிரியே பள்ளம் பார்த்து. கிழக்குப் பார்த்த சரிவில் மத்தியானம் மூன்று மணிக்கே நிழல் விழுந்துவிடும். அங்கே மாலை மற்ற இடங்களுக்கு முன்னால் வரும். மாமனார் பஞ்சை ஊதிவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பார். அது முதலில் தென்கிழக்கே போகும், ஒரு மரத்தைச் சுற்றும், சட்டென்று காலடிக்கு இறங்கி ஓடைப் பக்கம் தவழும். "உன் வாசம் இப்போது அங்கே போயிருக்கிறது" என்பார். அதோடு பாடம் முடிந்தது.

முதிர்ந்த கிடா இந்தக் காற்றுக் கணக்கை நம்மைவிட நன்றாகப் போடும். ஒன்றரை வயதுக் கிடா கொம்பு முளைத்த பெட்டை மாதிரி இருக்கும், எங்கு வேண்டுமானாலும் வந்து நிற்கும். இரண்டரையில் கொம்பு அழகாகிவிடும், காலெல்லாம் நீளமாகத் தெரியும், புத்தி இன்னும் வந்திருக்காது. அமெரிக்காவில் சாகிற கிடாக்களில் ஏராளமானவை இந்த வயதுக்குள் முடிந்துவிடுகின்றன. நாலரை தாண்டியதன் உருவமே வேறு. கழுத்து மார்போடு ஒன்றாகி, வயிறு தொய்ந்து, கால் குட்டையாகத் தெரியும். திமில் இல்லாத காங்கேயம் காளை என்று நான் என் தம்பிக்குப் போனில் சொல்லியிருக்கிறேன். கொம்பைப் பார்க்காதே, உடம்பைப் பார் என்பது எங்கள் வீட்டு விதி. கொம்பு வருடா வருடம் பனிக்காலத்தில் விழுந்து வசந்தத்தில் புதிதாக முளைப்பது. ஒரு வருடம் மேய்ச்சல் கெட்டால் கொம்பும் சிறுத்துவிடும்.

எங்கள் கிடா இரண்டரை வயதில் ஓடை முடக்கிலிருந்த தானியங்கிக் கேமராவில் முதலில் விழுந்தது. புருவத்துக்கு மேலே வரும் இடது கிளை இரண்டாகப் பிளந்திருந்தது. கொழுந்தன் மகள் அதற்கு முள்கரண்டி என்று பேர் வைத்தாள். அந்த வருடம் அது என் பரணுக்குக் கீழேயே வந்து ஓக் கொட்டை பொறுக்கித் தின்றது. விட்டுவிட்டோம். அடுத்த வருடம் கொழுந்தனின் பரணுக்கு எதிரே நின்றது. விடச் சொல்லி மாமனாரின் உத்தரவு. கொழுந்தன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நாம் விடுவதை வேலிக்கு அந்தப் பக்கம் சுட்டுவிடுவார்கள், அப்பா" என்பது அவருடைய வாதம். நியாயமான வாதம்தான். பக்கத்து நிலத்துக்காரரோடு எங்கள் வீட்டுக்குப் பழைய எல்லைத் தகராறு ஒன்று உண்டு. பேச்சுவார்த்தை கிடையாது. நாலரை வயதானபோது முள்கரண்டி பகலில் காணாமலே போனது. கேமராவில் நடுராத்திரிப் படங்கள் மட்டும்.

அந்த வருடம் பருவம் முடிந்து மார்ச்சில் பனி உருகியபோது, அப்பத்தா காட்டுக்குள் கொம்பு பொறுக்கப் போனோம். பருவம் முடிந்தபின்தான் உள்ளே போக அனுமதி. சீக்கிரம் போகாவிட்டால் எலிகள் கொறித்துத் தின்றுவிடும். முகட்டுக்குச் சற்றுக் கீழே, விழுந்து கிடந்த ஓக் மரத்தின் மறைவில், சருகு அமுங்கி நீள்வட்டமாக ஒரு குழி. பக்கத்தில் மரம் ஒன்றில் பட்டை உரிந்து, கொம்பு உரசிய பால்வெள்ளைத் தழும்பு. குழியிலிருந்து ஓரடி தள்ளி இடது கொம்பு, பிளவுபட்ட அந்தக் கிளையோடு. வலது கொம்பைத் தேடித் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

மாமனார் என்னை அந்தக் குழியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மான் படுக்கிற உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தச் சொன்னார். தாழ்த்தினேன். முகட்டைத் தாண்டி வரும் வடமேற்குக் காற்று முதுகில் பட்டது. பின்னாலிருந்து எது வந்தாலும் மூக்கு சொல்லிவிடும். முன்னால் சரிவு முழுவதும் கண்ணுக்குக் கீழே. இலையில்லாத கிளைகளின் இடுக்கில் எங்கள் தொழுவம் தெரிந்தது, வண்டி நிறுத்துகிற இடம் தெரிந்தது. கொழுந்தனின் ஏணிப்பரண் பளபளவென்று தெரிந்தது. சமையலறை ஜன்னலில் அத்தை பாத்திரம் கழுவுவது தெரிந்தது. எத்தனை விடியற்காலையில் அந்த ஜன்னலில் விளக்கெரிய, நாங்கள் காபி குடித்து, வண்டிக் கதவை அடித்துச் சாத்தி, வில்லை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்போம்! எல்லாவற்றையும் அசைபோட்டபடி அது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. கொழுந்தனும் வந்து உட்கார்ந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பரணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே ஏணிப்பரணை இறக்கினோம். புதுப்பரணுக்கான இடத்தை ஓடைப் பக்கத்திலிருந்து தேர்ந்தெடுத்தோம். அப்பத்தா காட்டுக்குக் கீழே, கிழக்குச் சரிவில் நடுவே வரப்புபோல ஒரு சமதளம் ஓடுகிறது. அதற்கு இருபது கஜம் கீழே ஒரு பெரிய வெள்ளை ஓக். வடமேற்குக் காற்றடிக்கும் மாலைகளில் மட்டும் அங்கே உட்காரலாம். வேறு காற்றென்றால் வீட்டிலேயே இருக்க வேண்டும். மாலையில் காற்று சரிவில் இறங்கி வாசத்தை ஓடைப் பள்ளத்துக்குள் கொண்டுபோய்விடும், மான் நடக்கும் தளத்துக்கு ஏறாது. வண்டி தொழுவத்துக்குப் பின்னாலேயே நிற்கும். ரப்பர் பூட்ஸ் போட்டு ஓடைத் தண்ணீரிலேயே நடந்து வர வேண்டும். காலையில் அந்தப் பரண் தடை. வெயில் ஏறினால் நம் வாசம் நேராக அதன் படுக்கைக்கே போகும். இதையெல்லாம் எழுதினால் அரைப் பக்கம். கடைப்பிடிப்பதுதான் பிராணன் போகிற வேலை. நல்ல நவம்பர் மாலைகளைத் தெற்குக் காற்று அடிக்கிறது என்று சமையலறையில் கழிக்க எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும் என்பது வேட்டைக்காரர்களுக்குத்தான் தெரியும். கேமராவை மாற்றுகிறேன், கிளையை வெட்டுகிறேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே நுழைகிறவர்களால்தான் பெரிய கிடாக்கள் இடம் மாறுகின்றன என்பது என் அனுபவம். வேட்டையில் பெரும்பங்கு போகாமல் இருப்பது.

நவம்பர் முதல் இரண்டு வாரம் இணைசேரும் பருவத்தின் உச்சம். அந்நாட்களில் மட்டும் கிழக்கிடாவும் பகலில் நடமாடும். குளிர் அலை ஒன்று வந்து காற்று வடமேற்குக்குத் திரும்பிய மாலை, நான் அந்தப் பரணில் இருந்தேன். இடுப்புவார், தோள்வார் எல்லாம் மரத்தோடு கட்டி, வில்லைக் கயிற்றால் மேலே இழுத்து மாட்டியாகிவிட்டது. பரணிலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்டவர்கள் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு வருடந்தோறும் வருவார்கள். அதனால் வார் விஷயத்தில் நான் கறார். அணில்கள் சருகைக் கலைத்து ஆள் நடப்பதுபோல் ஏமாற்றிக்கொண்டிருந்தன. நிழல் சரிவில் விழுந்தது. பஞ்சை விட்டுப் பார்த்தேன். பரணடியிலிருந்து சரசரவென்று ஓடைக்கு இறங்கியது.

முதலில் ஒரு பெட்டை வந்தது. வாலை ஒரு பக்கம் சாய்த்து, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி. அதன் பின்னால் உறுமல் சத்தம், பன்றியுடையது மாதிரி, கட்டையான குரல். சமதளத்தின் ஓரத்தில் ஒரு தாழ்ந்த கிளை இருந்தது. கிடா அதன்கீழ் நின்று, கிளையை வாயில் வாங்கி நக்கியது, நெற்றியைத் தேய்த்தது, முன்காலால் சருகைப் பறண்டித் தரையைக் கருப்பாக்கியது. பிறகு பின்கால்களைச் சேர்த்துவைத்து, முழங்கால் சுரப்பியின்மேல் படும்படி மூத்திரம் பெய்தது. அந்த நாற்றம் எனக்கே எட்டியது. பின்காலின் உட்புறம் தார் பூசியதுபோல் கருத்திருந்தது. பிளந்த கிளை. நான் நாணை இழுத்தேன்.

ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடி போகும். என் அம்பு அதில் கால்பங்குகூட இல்லை. அம்பு போய்ச் சேருமுன் நாணின் சத்தம் போய்விடும். மான் அதைக் கேட்டு, பாயத் தயாராக உடம்பைத் தாழ்த்தும். முள்கரண்டியும் தாழ்ந்தது, கூடவே ஓர் அடி முன்னே நகர்ந்தது. அம்பு நுழைந்த சத்தம் கேட்டது. அது கொஞ்ச தூரம் ஓடி, பிறகு முதுகைக் கூனிக்கொண்டு நடந்து மறைந்தது.

மாமனாருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, இருட்டியபின் ஓசைப்படாமல் இறங்கினேன். மண்ணில் குத்தி நின்ற அம்பை அவர் விளக்கொளியில் என்னிடம் நீட்டினார். "ஆய்வகத்தில் ரத்தம் பார்க்கிறவள் நீதானே, நீயே சொல்." நுரை இல்லை, அதனால் நுரையீரல் இல்லை. பச்சை இல்லை, இரைப்பை நாற்றம் இல்லை. நாவல்பழ நிறத்தில் கெட்டியான ரத்தம். கல்லீரல் என்றேன். தலையாட்டினார். நுரையீரலில் பட்டால் அரை மணியில் தேடப் போகலாம். கல்லீரலென்றால் நாலு முதல் ஆறு மணி நேரம் விட வேண்டும். உடனே துரத்தினால் எழுந்து ஓடும், தடமும் நின்றுபோகும். விட்டால் படுத்த இடத்திலேயே அடங்கிவிடும். வீட்டுக்குப் போய்ச் சூப் குடித்தோம். வெளியே உறைபனிக் குளிர், இறைச்சி கெடாது. தூரத்தில் கயோட்டி நரிகள் ஊளையிட்டன. கொழுந்தன் ஒவ்வொரு ஊளைக்கும் எழுந்து நின்றார். மாமனார் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

நள்ளிரவுக்குச் சற்று முன், வில்லை வைத்துவிட்டு விளக்குகளோடு போனோம். நான் முன்னால், குனிந்து. சருகின் மேல் ஒரு துளி, பிறகு பத்தடிக்கு ஒன்றுமில்லை. பொன்வண்ணக் காட்டுச் செடிகளின் தண்டில், மானின் விலா உயரத்தில், இழுவிய கறை. ஒவ்வொரு துளிக்கும் அத்தை ஒரு துண்டுக் கழிவறைத் தாளை வைத்துக்கொண்டே வந்தார். தடம் தொலைந்தால் திரும்பிப் பார்க்கும்போது வெள்ளைத் தாள்கள் அது போன திசையைக் காட்டும். ஓடையை ஒட்டி வளைந்து சென்ற தாள் வரிசை, எல்லைக் கம்பிவேலியில் போய் முட்டியது. கீழ்க்கம்பியில் மூன்று முடியும் ஒரு பொட்டு ரத்தமும்.

அனுமதியில்லாமல் வேலி தாண்டக் கூடாது என்பது சட்டம். பேச்சில்லாத வீடு. மாமனார் போனை எடுக்கவில்லை, கொழுந்தனும் எடுக்கவில்லை. நான் கூப்பிட்டேன். பதினைந்து நிமிடத்தில் அந்த மனிதர் இரவுச் சட்டைக்குமேல் கோட்டுப் போட்டு, எங்களுடையதைவிடப் பெரிய விளக்கோடு வந்தார். அவரே முன்னால் நடந்தார். அவருக்கு அவர் நிலம் தெரியும். நூறு கஜத்தில், ஓடைக்கரை வில்லோ மரத்தடியில், முகம் வந்த வழியைப் பார்க்கத் திரும்பிக் கிடந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "டீக்கன்" என்றார். அவர் வீட்டில் அதற்கு அந்தப் பேர். மூன்று வருடமாக அவரும் விட்டு வைத்திருக்கிறார், அந்தத் துப்பாக்கிப் பருவத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். வலது கொம்பு அவர் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தன் என் பக்கம் திரும்பவே இல்லை.

கிடாவை இழுத்துவர அவரும் ஒரு கை கொடுத்தார். மாமனார் தாடையைத் திறந்து கடைவாய்ப் பற்களைக் காட்டினார். பல்லின் மேல் வெள்ளை எனாமல் விளிம்பைவிட நடுவிலுள்ள பழுப்புப் பட்டை அகலமாவது ஒவ்வொரு பல்லாகப் பின்னோக்கிப் போகும். கடைசிப் பல்லிலும் போயிருந்தது. ஐந்தரை என்றார் மாமனார். மற்றவரும் ஐந்தரை என்றார். இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாக இருக்கலாம். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்ய வேண்டும், செய்தேன். கொம்பை அளந்து போப் அண்ட் யங் சங்கத்தின் பதிவேட்டுக்கு அனுப்பலாம் என்று கொழுந்தனுக்கு ஆசை. குறைந்தபட்சம் 125 வேண்டும், அதற்கு மேல் வரும். மாமனார் அளவு நாடாவைத் தரவே மறுத்துவிட்டார். இறைச்சியில் பாதி பக்கத்து வீட்டுக்குப் போனது. விற்கத்தான் கூடாது, கொடுக்கலாம்.

ஆனால் உடனே யாரும் சமைக்கவில்லை. தலையைப் பையில் கட்டிச் சோதனைப் பெட்டியில் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை பொட்டலங்களில் மாதிரி எண்ணை எழுதி உறைபெட்டியில் வைத்தோம். மான்களை இளைக்கவைத்துக் கொல்லும் மூளைநோய் ஒன்று இருக்கிறது. பிரியான் என்ற திரிந்த புரதத்தால் வருவது. 2002-இல் மவுண்ட் ஹோரெப் பக்கம் தெரியவந்தது, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதுதான் முதல். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. இருந்தாலும் நோய் கண்ட மானைத் தின்னாதீர்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். நோய் பிடித்த மான் நெடுநாள் கொழுகொழுவென்றுதான் இருக்கும். மற்ற மான்களைவிட முதிர்ந்த கிடாக்களில்தான் அது அதிகம். ஊர் சுற்றுவதும் கிடாக்கள்தான், ஒரே கிளையை மாறி மாறி நக்குவதும் கிடாக்கள்தான். எச்சிலில் பிரியான் இருக்கும். எங்களுக்குக் கிழக்கேயுள்ள கவுண்டிகளில் சில இடங்களில் சோதிக்கிற வளர்ந்த கிடாக்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நோயோடு இருக்கின்றன.

முள்கரண்டிக்கு நோய் இல்லை என்று வந்தது. அடுத்த இலையுதிர் காலத்தில் பக்கத்து நிலத்துக்காரர் சுட்ட கிடாவுக்கு இருக்கிறது என்று வந்தது. அவரே கூப்பிட்டுச் சொன்னார். அன்று இரவு எங்கள் சாப்பாட்டு மேசை இரண்டாகப் பிரிந்தது. வயதாக விட்டு வைப்பதால்தான் நோயை வளர்க்கிறோம், இனி இரண்டரை வயதையும் விடக் கூடாது என்றார் கொழுந்தன். ஒரு கிடாவாவது கிழடாகாத காடு என்ன காடு என்றார் மாமனார். வேலை பார்க்கிற இடத்துப் புத்தியில் நான் கொழுந்தன் பக்கம் பேசினேன். ஆனால் அந்தக் கிழக்கிடாவை நினைத்தால் நாக்கு ஒத்துழைக்கவில்லை. அத்தை, எல்லாரும் முதலில் சாப்பிடுங்கள் என்றார்.

பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது என் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. மூன்றரை வயது இருக்கும், கொம்பு நன்றாக வந்துகொண்டிருக்கும் கிடா. விடவா, அடிக்கவா என்று பெரியவரிடம் கேட்டுச் சொல் என்று கீழே எழுதியிருந்தார். மாமனாருக்குச் செய்தி தட்டத் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், போனை என்னிடம் தள்ளினார்.

"அடிக்கச் சொல். தலையைச் சோதனைக்குப் போடச் சொல்."

கொழுந்தன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உருளைக்கிழங்குக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் மாமனார்.